கண்ணுக்கு எட்டும் வரை: பொழுதுபோக்கு ட்ரோனும் புதியவரின் பொறுப்பும்

2025 ஜனவரி 9ஆம் தேதி. லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்தது. தீயின்மேல் நீரைக் கொட்டிக்கொண்டிருந்த கனடா நாட்டுத் தீயணைப்பு விமானம் ஒன்றின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானி பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறை கொட்டும் தண்ணீரும் கணக்காக இருந்த அந்த நாட்களில் அந்த விமானம் பழுதுபார்ப்புக்காக முடங்கிக் கிடந்தது. ட்ரோனை இயக்கியவர் சான்டா மோனிகாவில் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் நின்றிருந்தார். தீ எப்படி எரிகிறது என்று பார்க்கும் ஆவலில் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் அதை அனுப்பியிருந்தார். வழியிலேயே அது அவர் பார்வையை விட்டு மறைந்துவிட்டது. விமானத்தின் மீது மோதிய அந்தப் பொருளின் எடை 250 கிராமுக்கும் குறைவு. நம் ஊரில் “இது சின்னது சார், லைசென்ஸ் எல்லாம் தேவையே இல்லை” என்று சொல்லி விற்கப்படுவதும் அதே எடைதான்.

அப்படிச் சொல்லும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. சிக்கல் தொடங்குவதே அங்கேதான். சட்டம் கையை எடுத்துக்கொண்ட இடத்தில் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். கருவி கைவிடும் இடத்தில் பழக்கம் காப்பாற்றும் என்று நம்புகிறோம். பொழுதுபோக்கு ட்ரோன்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் சட்டம், தொழில்நுட்பம், பயிற்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் கைகாட்டுவது வழக்கம். மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் உலகம் அறிந்த பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ரிமோட்டைப் பிடித்த விரலில் இல்லை. எங்கே பறப்பது, எவ்வளவு தூரம் அனுப்புவது, யார் தலைக்கு மேலே பறப்பது என்று தரையில் நின்று எடுத்த முடிவில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது

இந்தியாவில் இந்த விவகாரம் தடையில் தொடங்கியது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, விதிமுறை வரும்வரை பொதுமக்கள் யாரும் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. விதிமுறை 2018 டிசம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கல்யாண மண்டபங்களில் ‘ஹெலிகேம்’ நிரந்தர விருந்தாளியாகிவிட்டது. தடை ஒருபக்கம், நடைமுறை இன்னொருபக்கம் என்று ஓடிய அந்தக் காலம்தான், ட்ரோன் விதிகளை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற எண்ணத்தை நம்மிடம் விதைத்தது என்பது என் கணிப்பு.

2021 மார்ச்சில் வந்த விதிகள் படிவங்களும் கட்டணங்களுமாக மூச்சு முட்ட வைத்தன. அதே ஆண்டு ஜூன் 27ஆம் தேதி ஜம்மு விமானப் படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் வெடிகுண்டு வீசப்பட்டது. பிடி இறுகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி வெளியான ‘ட்ரோன் விதிகள், 2021’ 25 படிவங்களை ஐந்தாகக் குறைத்தது, 72 வகைக் கட்டணங்களை நான்காக்கியது. இன்று நம்மை ஆள்வது இந்த விதிகளும் பின்னால் வந்த திருத்தங்களும்தான்.

புதியவர் அறிய வேண்டியது அதில் கொஞ்சம்தான். 250 கிராம் வரை ‘நானோ’, அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோவுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பணம் வாங்காமல், சொந்த விருப்பத்துக்காகப் பறக்கவிடுபவருக்கும் வேண்டாம். கூலிக்குக் கல்யாணம் எடுக்கப் போனால் கதை வேறு. அப்போது மைக்ரோவுக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் படித்துப் பெற்ற சான்றிதழ் தேவை. மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தும் நானோவுக்கு விலக்கு உண்டு. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் வரைபடம். நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டு, 2021 செப்டம்பரில் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வெளியிடப்பட்டது. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 60 மீட்டராகக் குறைகிறது. 8 கிலோமீட்டருக்கும் உள்ளே வந்தால் அனுமதியில்லாமல் தரையை விட்டே எழுப்பக் கூடாது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தைச் சுற்றி இந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். கிண்டி, வேளச்சேரி, போரூர், குரோம்பேட்டை எல்லாம் உள்வட்டத்துக்குள் விழும். தாம்பரத்தில் விமானப் படைத் தளமே இருக்கிறது. சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி ஆகிய இடங்களில் படைத் தளங்கள், கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள், மகேந்திரகிரியில் இஸ்ரோ. தமிழ்நாட்டில் பச்சை நிறைய இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் நாம் குடியிருக்கும் இடத்தில் இல்லை.

பச்சையும் நிரந்தரமில்லை. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க விதி இடம் தருகிறது. பிரதமரோ குடியரசுத் தலைவரோ வருகிறார் என்றால் உள்ளூர்ச் செய்தித்தாளில் ‘ட்ரோன் பறக்கத் தடை’ என்று ஒரு மூலையில் வரும். அதைப் படிக்கும் பழக்கம் ட்ரோன் வைத்திருப்பவருக்கு அவசியம். எல்லையில் பதற்றம் நிலவிய 2025 மே மாதத்தில் போர்முனைக்கு வெகுதூரத்தில் இருந்த மும்பை போன்ற நகரங்களிலும் தடை வந்தது.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பது நோக்கம். வளர்ந்ததும் உண்மை, ஆனால் வளர்ந்தவை பெரும்பாலும் மருந்து தெளிக்கும், நிலம் அளக்கும் பெரிய கருவிகள். பொழுதுபோக்குக்காரர் கையில் இருப்பதோ பெரும்பாலும் சீனத் தயாரிப்பு, அதுவும் எந்த வழியில் வந்தது என்று கேட்கக் கூடாத ரகம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சுங்கத்தில் பறிகொடுப்பது இன்றும் நடக்கிறது. ரசீது இல்லாத கருவியை வைத்திருப்பவர் பதிவு செய்யத் தயங்குவார். பதிவு செய்யாதவர் விபத்தைத் தெரிவிக்கப் போவதில்லை. பாதுகாப்பு விதியை வணிக விதி இப்படிக் காலைவாரிவிடுகிறது. புதிதாக வாங்குபவருக்கு என் யோசனை: ரசீதோடு கிடைக்கும் இந்தியத் தயாரிப்பையோ, பாகங்கள் வாங்கிச் சேர்த்துக் கட்டும் வழியையோ பாருங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், நிம்மதி இருக்கும்.

250 என்ற எண்

எடை ஏன் 250 கிராமில் பிரிகிறது? 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அமைத்த குழு ஒன்று, வானிலிருந்து விழும் ட்ரோன் ஒருவர் தலையில் பட்டால் உயிர் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு அந்த எல்லையைப் பரிந்துரைத்தது. பிறகு பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன. உற்பத்தியாளர்கள் சும்மா இருப்பார்களா? 249 கிராமில் கருவிகள் வந்து குவிந்தன. ஜப்பானில் எல்லை 200 கிராமாக இருந்தபோது, அங்கு மட்டும் 199 கிராமில் ஒரு மாதிரி விற்பனைக்கு வந்தது. 2022இல் ஜப்பான் எல்லையை 100 கிராமாக்கிவிட்டது. பிரிட்டனும் 2026 தொடக்கத்திலிருந்து 100 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை இயக்குபவர் தேர்வு எழுதி அடையாள எண் பெற வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. 250 கிராமுக்குக் கீழே ஆபத்து இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். அது ஒரு நிர்வாகக் கோடு.

மேலும், அந்தக் கணக்கு தரையில் நிற்பவரின் தலையைப் பற்றியது. வானில் வரும் விமானத்தைப் பற்றியதல்ல. 2017இல் வெளியான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வு, ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் விமானத்துக்கு அதிகச் சேதம் விளைவிக்கும் என்று கணினி மாதிரிகளின் வழியே காட்டியது. பறவையின் உடல் நசுங்கிச் சிதறும். ட்ரோனின் மோட்டாரும் பேட்டரியும் கெட்டியான பொருட்கள், அவை துளைத்துக்கொண்டு போகும். லாஸ் ஏஞ்சலஸ் விமானத்தின் ஓட்டைக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

புதியவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. 249 கிராம் கருவியில் விசிறிக் காப்பு, பெரிய பேட்டரி, வண்ண விளக்கு என்று எதைச் சேர்த்தாலும் அது நானோ வகையிலிருந்து வெளியேறி மைக்ரோவாகிவிடும். நானோவுக்கு மட்டும் உரிய விலக்குகளும் அதோடு போய்விடும்.

கருவி காப்பாற்றுமா

தடைப் பகுதிக்குள் நுழையவிடாமல் ட்ரோனே நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பாலிசேட்ஸ் வழக்கில் சிக்கியவர் தரப்பும் அதைத்தான் சொன்னது: மென்பொருள் தடுத்துவிடும் என்று நம்பினாராம். அந்த மோதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், உலகின் மிகப் பெரிய ட்ரோன் நிறுவனமான டிஜேஐ, அமெரிக்காவில் கட்டாயத் தடுப்பை நீக்கிவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டப்போவதாக அறிவித்தது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே அந்த மாற்றம் தொடங்கியிருந்தது. முடிவு இயக்குபவருடையது என்பது நிறுவனத்தின் வாதம். எனக்கு இது நேர்மையான நிலைப்பாடாகத்தான் படுகிறது. வேலி போட்டது போல் தோன்றிய ஒன்றை நம்பிக் கெடுவதைவிட, வேலி இல்லை என்று தெரிந்து நடப்பது மேல்.

அடுத்த நம்பிக்கை, தடை உணரும் சென்சார். விலை குறைந்த கருவிகளில் அது கிடையாது. சிலவற்றில் கீழே பார்ப்பது மட்டும் உண்டு. எல்லாப் பக்கமும் பார்க்கும் கருவியாக இருந்தாலும் மின்கம்பி, காய்ந்த கிளை, பட்டத்தின் நூல் போன்ற மெல்லியவை அதற்குத் தெரியாது. வேகத்துக்கான ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால் பல கருவிகளில் சென்சார் தானாக அணைந்துவிடும். குளத்துக்கும் ஏரிக்கும் மேலே தாழ்வாகப் பறக்கும்போது கீழ்நோக்கிய சென்சார் அலையையும் பளபளப்பையும் பார்த்துக் குழம்பி, நின்ற இடத்தில் நிற்காமல் நகரும், சில சமயம் தானாகத் தாழும். தண்ணீருக்குள் போன ட்ரோன்களில் பல இப்படிப் போனவை.

எல்லாவற்றிலும் பெரிய நம்பிக்கை ‘ரிட்டர்ன் டு ஹோம்’. சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பிவரும் வசதி இது. அருமையான வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நம்பக் கூடாது. புறப்படும்போது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் போதிய அளவு பிடிபட்ட பிறகே ‘வீடு’ எது என்று கருவி குறித்துக்கொள்ளும். அவசரத்தில் உடனே கிளப்பினால், காற்றில் ஏறிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகு குறிக்கப்பட்ட இடம் வீடாகிவிடும். திரும்பும்போது முன்பே அமைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரம் தோப்பின் தென்னைகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டையில் போய்த்தான் நிற்கும். ஆகவே ஒவ்வொரு புது இடத்திலும் சுற்றிலும் உயரமான மரம் எது, கைபேசிக் கோபுரம் எது, விளம்பரப் பலகை எது என்று பார்த்து, அதைவிடப் போதிய அளவு கூடுதலாக உயரத்தை மாற்றி வைக்க வேண்டும். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாமல் போன ட்ரோன்களை ஏற்றிவைத்திருக்கும் தென்னைகள் பொள்ளாச்சியில் நிறைய இருக்கும்.

இங்கே மொட்டை மாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் புதியவர் முதலில் தேர்ந்தெடுக்கும் ஓடுதளம் அதுதான். பாதுகாப்பான இடம் போலத் தோன்றும், ஆனால் பழகுவதற்கு அதைவிட மோசமான இடம் குறைவு. தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் கருவியின் திசைகாட்டியைக் குழப்பும். குழம்பிய திசைகாட்டியோடு கிளம்பும் ட்ரோன் நேரே நிற்காமல் வட்டமடித்துக்கொண்டே விலகிப் போகும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, டிஷ், கேபிள் வயர் எல்லாம் கையெட்டும் தூரத்தில். தானாகத் திரும்பும்போது இரண்டு மூன்று மீட்டர் பிசகினாலும் கைப்பிடிச் சுவரில் இடிக்கும், அல்லது தெருவில் இறங்கும். தெருவில் யார் நடந்து போகிறார் என்பது மாடியில் நிற்பவருக்குத் தெரியாது. சுற்றிலும் அடுத்த வீட்டு மாடிகள் வேறு. ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயலோ, ஆளில்லாத விளையாட்டு மைதானமோ, நீர் வற்றிய ஏரியோ இதைவிடப் பல மடங்கு நல்லது.

பேட்டரி

லித்தியம் பேட்டரியை மதிக்கக் கற்றுக்கொள்வது பறப்பதைக் கற்றுக்கொள்வதற்குச் சமம். ஒரு செல்லின் முழு மின்னழுத்தம் பெரும்பாலும் 4.2 வோல்ட். நாள்கணக்கில் எடுத்துவைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ அலமாரியில் போட்டால் உள்ளே கெட்டு உப்ப ஆரம்பிக்கும். உப்பிய பேட்டரியை ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று பயன்படுத்துவது நம்மிடையே சகஜம், அதுதான் தீப்பிடிக்கும் பேட்டரி. பறந்து சூடாக இறங்கியதை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. விமானப் பயணத்தில் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

பெட்டியில் 30 நிமிடம் என்று அச்சிட்டிருப்பது காற்றில்லாத, வசதியான சூழலில் எடுத்த அளவு. நடைமுறையில் 20 நிமிடம் என்று கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே திரும்பத் தொடங்குங்கள். வெயிலும் ஒரு காரணி. சிறு ட்ரோன்கள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் சொல்லும் உச்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ நடுப்பகலில் அது தாண்டிவிடும். கருவியைவிட முதலில் சூடேறி அணைவது திரையாக மாட்டியிருக்கும் நம் கைபேசியாகவும் இருக்கலாம்.

காற்று

காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை பழகச் சிறந்த நேரம். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் கோவை, பொள்ளாச்சிப் பக்கமும், காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் புதியவருக்கு ஆகாது. சிறு ட்ரோன்கள் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் காற்றைத் தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆனால் தரையில் சட்டை லேசாகப் படபடக்கும்போது 80 மீட்டர் உயரத்தில் காற்று அதைவிட வேகமாக இருக்கும். புறப்பட்டதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும், அப்போதுதான் பேட்டரி இளைத்த பிறகு காற்று தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். புதியவர் தலைகீழாகச் செய்வார். காற்றோடு சுகமாகப் போய்விட்டு, வர முடியாமல் கடலில் இழப்பார். மெரினாவிலும் கோவளத்திலும் பிற்பகலில் எழும் கடற்காற்று கரையை நோக்கி வீசும். நிலக்காற்று வீசும் விடியற்காலையில் அது திசைமாறியிருக்கும். இந்த வேறுபாட்டை மீனவரிடம் கேட்டால் சொல்லுவார்.

ஜிபிஎஸ் இல்லாத மலிவு பொம்மை ட்ரோன்களுக்கு வெளிக்காற்றே எதிரி. அவற்றை ஓர் அறைக்குள் அல்லது மூடிய அரங்கத்துக்குள் பறக்கவிடுங்கள். கை பழக அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை, காரணம் அவை தவறை மன்னிப்பதில்லை.

பழகும் விதம்

ஜிபிஎஸ் உள்ள கருவியை வாங்கிய அன்றே யார் வேண்டுமானாலும் கிளப்பி இறக்கிவிடலாம். அதனாலேயே பலர் பழகுவதே இல்லை. பழக்கம் தேவைப்படுவது கருவி தன் புத்தியை இழக்கும் அந்த அரை நிமிடத்துக்குத்தான். முதல் சில நாட்களுக்கு இடுப்பளவு, தலையளவு உயரத்தில், பத்து மீட்டர் தள்ளி, அப்படியே நிறுத்திப் பழகுங்கள். பிறகு சதுரம், அப்புறம் எட்டு வடிவம். உண்மையான தடுமாற்றம் ட்ரோனின் முகம் நம்மைப் பார்க்கும்போது வரும். அப்போது இடதும் வலதும் மாறிவிடும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பின்கழுத்து முடியைக் கத்தரிப்பது போலத்தான், விரல் சொல்பேச்சு கேட்காது. அவசரத்தில் நாம் இடப்பக்கம் தள்ள, அது நேரே சுவரைப் பார்த்துப் போகும். முகம் பார்த்தபடி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்த முடிந்த அன்றுதான் ஒருவர் பறக்கத் தெரிந்தவர். கணினியில் ஓடும் சிமுலேட்டரில் இதை எத்தனை முறை உடைத்தாலும் செலவில்லை.

இறக்கும்போது செங்குத்தாக, வேகமாக இறக்காதீர்கள். தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே கருவி விழுந்து ஆட்டம் காணும். கொஞ்சம் முன்னோக்கி நகர்த்தியபடி இறக்கினால் அந்தத் தொல்லை இல்லை. விசிறியின் ஓரத்தில் நகம் அளவு சிராய்ப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. மண் தரையில் ஒரு விரிப்பு அல்லது பாய் போட்டுக் கிளப்பினால் மோட்டாருக்குள் மணல் போகாது.

இத்தனை கைத்திறனும் வந்த பிறகும் ஒரே ஒரு விதியை விட்டால் எல்லாம் வீண். ட்ரோன் எப்போதும் திரையில் அல்ல, கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு ட்ரோன் மோதியது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது இது: இயக்கியவர் அதை இரண்டரை மைல் தொலைவுக்கு, பார்வைக்கு எட்டாத தூரத்துக்கு, தெரிந்தே அனுப்பியிருந்தார். அப்பகுதியில் தற்காலிகத் தடை இருந்ததை அவர் அறியவில்லை. தன் ட்ரோன் கோளாறாகிக் கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொண்ட பிறகுதான் அது ஹெலிகாப்டரில் மோதிய செய்தியே அவருக்குத் தெரிந்தது. ஹெலிகாப்டர் வருவதைத் திரை காட்டாது. கேமரா முன்னே மட்டும் பார்க்கும். காது கேட்கும், கண் எல்லாப் பக்கமும் திரும்பும், ஆனால் ட்ரோன் நமக்கு அருகில் இருந்தால்தான் அவை உதவும். உள்ளங்கை அளவு ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே புள்ளியாகி மறையும். விளம்பரத்தில் சொல்லும் ‘10 கிலோமீட்டர் சிக்னல்’ ரேடியோவின் திறமை மட்டுமே, நமக்குக் கொடுத்த அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டும் எஃப்பிவி வகையில், பக்கத்தில் ஒருவர் நின்று வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உலகம் முழுதும் கேட்பது இதனால்தான்.

அடுத்தவர் தலை, அடுத்தவர் முற்றம்

அருகிலேயே பறந்தாலும் போதாது. 2015இல் இங்கிலாந்தின் வொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஒருவர் தன் வீட்டு வாசலில் ட்ரோனை ஒரு நிமிட அளவு பறக்கவிட்டு இறக்கிக்கொண்டிருந்தார். மரக்கிளையில் உரசித் திரும்பிய விசிறி, அருகிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்ணைப் பறித்துவிட்டது. தூரமும் இல்லை, தடைப் பகுதியும் இல்லை, புதியவரும் இல்லை. குழந்தை அவ்வளவு பக்கத்தில் இருந்தது, அதுதான் காரணம். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டியில், ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் வளைந்து போன மறுகணம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா ட்ரோன் விழுந்து நொறுங்கியது. அதை இயக்கியது தொழில்முறைக் குழு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அதன் பிறகு போட்டிகளில் ட்ரோன்களைத் தடை செய்தது. தொழில்முறைக் கருவியே விழும் என்றால், சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு மேலேயும் வாடிவாசலுக்கு மேலேயும் புதியவர் பறப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஜல்லிக்கட்டுக் காளைக்கு அந்த ரீங்காரம் என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தலைக்கு அடுத்து முற்றம். நம் ஊர் வீடுகளின் அந்தரங்கம் மேலே பார்த்தபடி திறந்திருக்கிறது: கூரையில்லாத குளியலறை, கிணற்றடி, படித்துறை, துணி காயும் மாடி. எதையோ படமெடுக்கப் போன கேமராவில் அவையும் விழும். பெண்ணொருவர் தனிமையில் இருப்பதை அவர் அறியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். கேமரா கையில் இருந்ததா காற்றில் இருந்ததா என்பது அங்கே கணக்கில்லை. குற்றம் என்பதற்கும் கீழே நாகரிகம் என்று ஒன்று உண்டு. பறக்கும் முன் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் பறப்பவர் மீது ஊர் கோபப்படாது. விரும்பிக் கேட்பவருக்குத் திரையைக் காட்டுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். பழங்கோயில்களைப் பொறுத்தவரை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை ஆனாலும் அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ளவை ஆனாலும், எழுத்தில் அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

பறவைகள் புகார் கொடுப்பதில்லை. 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிகா சதுப்புநிலக் காப்பகத்தில் தடையை மீறிப் பறந்த ட்ரோன் ஒன்று கூடு கட்டிய மணல்திட்டில் விழுந்தது. மிரண்டு போன சில ஆயிரம் ஆலாப் பறவைகள் 1,500க்கும் மேற்பட்ட முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன. அந்தப் பருவத்துக் குஞ்சுகள் பிறக்கவே இல்லை. வேடந்தாங்கல், கூந்தன்குளம் பக்கம் ட்ரோனோடு போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காட்டுப் பகுதிகளில் வனத்துறை அனுமதி கட்டாயம் என்பது தனி. தான்சானியாவில் விளைநிலத்துக்குள் வந்த யானைகளை விரட்டவே ட்ரோனைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், அந்தச் சத்தம் அவற்றை அவ்வளவு கலைக்கிறது. யானைக் கூட்டத்தை அழகாகப் படமெடுக்கிறேன் என்று முதுமலை ஓரத்தில் பறப்பவரால், கலைந்த யானை எந்த ஊர்ப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. பருந்தோ கரிச்சானோ நம் ட்ரோனைத் தாக்க வந்தால் அங்கே பறப்பதை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவதே முறை. அது கூட்டைக் காக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்ஷா அணி இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் ட்ரோன் என்ற சொல் போய்ச் சேர்ந்தது. ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு மாநில அரசு நிறுவனம் இங்கே இயங்குகிறது. ஆனால் விவசாயிக்கும் தொழில்முனைவோருக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூடப் பொழுதுபோக்காகப் பறக்கும் பள்ளி மாணவனுக்குக் கிடைப்பதில்லை. மாவட்டத்துக்கு ஒரு பச்சைப் பகுதி மைதானத்தை வார இறுதிகளில் ட்ரோன் பழக ஒதுக்குவதும், விதிகளை இரண்டு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கடைகளில் பெட்டியோடு கொடுக்கச் செய்வதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கையில் இருக்கும் பழைய கருவிகளைப் பதிவு செய்ய ஒரு பொதுமன்னிப்புக் காலமும் அறிவித்தால், இன்று மறைந்து பறப்பவர்களில் பலர் வெளியே வருவார்கள்.

அதுவரை, புதிதாக வாங்கியிருப்பவர் பெட்டியைப் பிரிக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து தன் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். சிவப்போ மஞ்சளோ என்றால் முதல் பறப்புக்கு ஊருக்கு வெளியே ஒரு பச்சை வயலைத் தேடிப் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அவர் வேலை வானத்தைப் பார்ப்பது மட்டும். ட்ரோன் எங்கே என்று நீங்கள் அவரிடம் கேட்க வேண்டி வந்தால், அந்தக் கணமே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள்.